அழகர் மலையின் மூன்று பொய்கைகள்: காப்பியத்தில் அறிவின் எல்லையைத் தேடி வாசிக்க ஒரு வழிகாட்டி

காப்பியம் வாசிக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதல் சில பக்கங்களோடு நின்றுவிடுகிறார்கள். சிலப்பதிகாரம் என்றால் முதல் காதையில் (காதை என்பது நூலின் ஒரு பிரிவு) தொடங்கி வரிசையாக முப்பது காதையும் முடிக்க வேண்டும் என்று நினைப்பதுதான் பெரும்பாலும் காரணம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் வேறு வழி சொல்வேன். ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி நடமாடும் காதைகளை மட்டும் முதலில் வாசியுங்கள். மற்றவற்றுக்குப் பிறகு தானாகவே போவீர்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: மனிதன் எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ளலாம்? எந்த இடத்தில் நிற்க வேண்டும்? நில் என்று சொல்வது யார், எந்த உரிமையில்? உலகத்தின் பெரிய காப்பியங்கள் பலவும் இதைக் கேட்டிருக்கின்றன. மதுரைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சிலப்பதிகாரம் இந்தக் கேள்வியை நேராகக் கேட்கும் இடம் அழகர் மலை. நகர எல்லையிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தூரம்.

முதல் படி: நூலும் உரையும்

சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்தார். பழைய உரைகளில் அடியார்க்கு நல்லார் உரை ஆழமானது, ஆனால் முழு நூலுக்கும் கிடைக்கவில்லை. நடையும் புதியவருக்குக் கடினம். அதனால் தொடக்கத்துக்கு ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் முழுவதற்கும் இருக்கிறது, சொல்லுக்குச் சொல் பொருள் தருகிறது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் மூலம் உண்டு. நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது பிடிக்கும் என்றால் மதுரை புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

எந்தப் பதிப்பானாலும் சந்தி பிரித்து அச்சிட்டதாகப் பாருங்கள். சேர்த்து எழுதிய பழைய அச்சில் தொடங்கினால் சொல்லைப் பிரிப்பதிலேயே மாலைப் பொழுது போய்விடும். அப்புறம், வாய்விட்டுப் படியுங்கள். அகவல் ஓசை காதில் விழுந்தால் பாதிப் பொருள் உரை இல்லாமலே புரியும்.

இரண்டாம் படி: காடுகாண் காதையில் தொடங்குங்கள்

மதுரைக் காண்டத்தின் முதல் காதை இது, நூலில் பதினோராவது. கோவலன், கண்ணகி, சமணப் பெண் துறவியான கவுந்தியடிகள் மூவரும் உறையூரை விட்டு மதுரைக்கு நடந்து வருகிறார்கள். வழியில் ஒரு சோலையில் மாங்காட்டு மறையோன் என்ற முதிய அந்தணரைச் சந்திக்கிறார்கள். மதுரைக்கு எப்படிப் போவது என்று கோவலன் கேட்கிறான். கொடும்பாளூர், நெடுங்குளம் தாண்டியதும் பாதை சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறார் அவர். வலப்பக்கப் பாதை வறண்ட பாலை வழியாகப் போகும். இடப்பக்கப் பாதை வயலும் சோலையுமாகத் திருமால் குன்றத்துக்குப் போகும். நடுப் பாதை இரண்டுக்கும் இடையில்.

திருமால் குன்றம் என்பது நம் அழகர் மலை. அங்கே ‘பெருமால் கெடுக்கும் பிலம்’ ஒன்று உண்டு என்கிறார் மறையோன். பெரிய மயக்கத்தைப் போக்கும் குகை. அதற்குள் மூன்று பொய்கைகள்: புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி. முதலாவதில் மூழ்கினால் இந்திரன் செய்த நூலின் அறிவு முழுவதும் கைவரும். இரண்டாவதில் மூழ்கினால் முற்பிறப்பு தெரியும். மூன்றாவதில் மூழ்கினால் நினைத்தது கிடைக்கும்.

இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். மூன்று பொய்கைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நூலறிவு, கடந்த காலம், விரும்பியது கைகூடுதல். மனிதன் எதற்கெல்லாம் ஏங்குவானோ அதெல்லாம் ஒரே குகையில் இருக்கிறது. அதுவும் படித்துப் பெறுவது இல்லை, குளித்தாலே கிடைத்துவிடும்.

குகை வாசல் சும்மா திறந்து கிடக்கவில்லை. திருமாலை நினைத்துச் சிலம்பாற்றங்கரைக்குப் போனால் வரோத்தமை என்ற பெண் தோன்றுவாள். இம்மையின் இன்பம், மறுமையின் இன்பம், இந்த இரண்டும் இல்லாமல் என்றும் ஒரே நிலையில் நிற்பது, இந்த மூன்றும் எவை என்று சொல்லுங்கள் என்று கேட்பாள். சொன்னவர்களுக்குக் கதவு திறக்கும். ஆக, இந்தக் காப்பியத்தில் அறிவுக்குப் போடப்பட்டிருக்கும் பூட்டு ஒரு கேள்வி. பதில் தெரிந்த யாரும் உள்ளே போகலாம். தொட்டால் சாவு, பார்த்தால் சாபம் என்கிற பேச்சே இங்கே இல்லை.

சரி, யார் வேண்டுமானாலும் போகலாம் என்றால் இவர்கள் போனார்களா? போகவில்லை.

மூன்றாம் படி: கவுந்தியின் பதிலை மனப்பாடம் செய்யுங்கள்

மறையோனுக்குப் பதில் சொல்வது கோவலன் அல்ல, கவுந்தியடிகள். ‘பிலம் புக வேண்டும் பெற்றி ஈங்கு இல்லை’ என்று ஆரம்பிக்கிறார். அந்தக் குகைக்குள் போக வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. பிறகு மூன்று பொய்கைக்கும் தனித்தனியாகப் பதில். இந்திரன் நூல் காட்டுவதை வேறிடத்திலும் காணலாமே என்பது முதல் பதில். எங்கள் அருகன் அருளிய ஆகமத்திலேயே அது இருக்கிறது என்று உரைகாரர் இதை விரிப்பார்கள். மூன்றாம் பொய்கைக்கு, வாய்மை தவறாமல் உயிர்களைக் காப்பவர்களுக்கு எட்டாத பொருள் எது என்று திருப்பிக் கேட்கிறார். இரண்டாவது பதில்தான் இந்த வாசிப்பு முழுவதற்கும் திறவுகோல்:

‘இறந்த பிறப்பின் எய்திய எல்லாம்
பிறந்த பிறப்பில் காணாயோ நீ?’

போன பிறப்பில் நேர்ந்ததெல்லாம் இந்தப் பிறப்பிலேயே கண்ணுக்குத் தெரிகிறதே, அதை நீ பார்க்கவில்லையா என்கிறார். இந்த இரண்டு வரியை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு காதைகள் தாண்டி இது திரும்ப வேலைக்கு வரும்.

இதில் சமயப் பூசலும் கொஞ்சம் இருக்கிறது. மறையோன் திருமாலைப் பாடுகிறவர், கவுந்தி சமணர். ஒருவர் தீர்த்தத்தின் பெருமை சொன்னால் மற்றவர் அது வேண்டாம் என்கிறார். இதை மறைத்து வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் நூலின் பெரிய இழை ஒன்று கையை விட்டுப் போகும். ஏனென்றால் இதே மாதிரி ஒரு மறுப்பு முன்னாலும் நடந்திருக்கிறது. ஒன்பதாவதான கனாத்திறம் உரைத்த காதையில் தோழி தேவந்தி கண்ணகியிடம், சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற இரண்டு பொய்கைகளில் நீராடிக் காமன் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேர்ந்து வாழலாம் என்கிறாள். கண்ணகி சொல்வது ஒரே சொல்: ‘பீடன்று’. அது பெருமை ஆகாது. இரண்டு பெண்கள், இரண்டு இடம், நீரில் மூழ்கி எளிதாகப் பெறும் வழி இரண்டு முறையும் மறுக்கப்படுகிறது. இளங்கோ இதைத் தெரியாமல் செய்திருக்க மாட்டார்.

நான்காம் படி: ஒரு நோட்டுப் புத்தகமும் நான்கு பத்தியும்

இனி கையில் பேனா வேண்டும். நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். தெரிய வேண்டிய செய்தி என்ன, அது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாமல் போகிறது, தெரிய வரும்போது காலம் கடந்துவிட்டதா. பதினோராம் காதையிலிருந்து இருபத்து மூன்றாம் காதை வரை, அதாவது மதுரைக் காண்டம் முழுவதும், இந்த நான்கையும் நிரப்பிக்கொண்டே வாருங்கள். எப்படி நிரப்புவது என்று காட்ட நான்கு இடங்கள் சொல்கிறேன்.

காடுகாண் காதையிலேயே கோவலன் தண்ணீர் எடுக்க ஒரு பொய்கைக்குப் போகிறான். வனசாரிணி என்ற காட்டுத் தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலை உருவில் வந்து காலில் விழுந்து அழுகிறது. மயக்கும் தெய்வம் ஒன்று இந்தக் காட்டில் உண்டு என்று மறையோன் சொன்னது கோவலனுக்கு நினைவு வருகிறது. உண்மையா பொய்யா என்று பார்க்க மந்திரம் சொல்கிறான். வேடம் கலைகிறது. இதைக் கண்ணகியிடமும் கவுந்தியிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு தெய்வம் மறைகிறது. இங்கே கோவலன் ஆராய்ந்தவன். இதைக் கொட்டை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பொற்கொல்லனிடம் இதே கோவலன் எதையும் ஆராயவில்லை.

புறஞ்சேரி இறுத்த காதையில் வைகை வருகிறது. மூவரும் வடகரையில் நிற்கிறார்கள். கண்ணகிக்கு என்ன நேரப் போகிறது என்று ஆறு அறிந்தது போல, பூக்களை ஆடையாகப் போர்த்து, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டதாம். பார்த்தவர்கள் ‘புனல்யாறு அன்று இது பூம்புனல் யாறு’ என்று வியந்து தொழுகிறார்கள். கோட்டைக் கொடிகளும் வராதீர்கள் என்று கை காட்டுவது போல அசைகின்றன. ஆற்றுக்குத் தெரியும், கொடிக்குத் தெரியும், நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் தெரியாது. இந்தப் பகுதியை வைகைக் கரையில் போய்ப் படித்துப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான். வறண்ட மணலும் சாக்கடையுமாகக் கிடக்கும் நாளில் போனால் வேதனைதான் மிஞ்சும். தண்ணீர் திறந்துவிடும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

மூன்றாவது இடம் கனவுகள். முன்னாலேயே, ஒன்பதாம் காதையில், கண்ணகி ஒரு கனவு காண்கிறாள், தேவந்தியிடம் மட்டும் சொல்கிறாள். அடைக்கலக் காதையில் கோவலன் தன் கெட்ட கனவை மாடலன் என்ற அந்தணரிடம் சொல்கிறான். கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தங்களுக்கு வரப்போவதைக் கண்டிருக்கிறார்கள்.

நான்காவது சிறியது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. கொலைக்களக் காதையில் கோவலன் சிலம்பை விற்கப் புறப்படும்போது ஒரு காளை எதிரே பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்று அவனுக்குத் தெரியவில்லை. காரணத்தையும் இளங்கோ சொல்லிவிடுகிறார்: ‘தன்குலம் அறியும் தகுதி அன்று ஆதலின்’. ஆயர் சேரியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வணிகர் குலத்துக்கு அந்த அறிவு இல்லை. அறிவுக்கு எல்லை போடுவது தெய்வம் மட்டும் அல்ல, பிறந்து வளர்ந்த தெருவும் போடுகிறது என்று ஒற்றை வரியில் வந்துபோகிறது.

ஐந்தாம் படி: கேட்காமல் விட்ட கேள்வி

இப்போது கொலைக்களக் காதையின் கடைசிப் பகுதியையும் வழக்குரை காதையையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்ட பாண்டியன் ‘தேரான் ஆகி’, அதாவது விசாரிக்காமல், காவலரைக் கூப்பிட்டுக் கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவரச் சொல்கிறான். கண்ணகி அரசவைக்கு வந்ததும் அவனை அழைக்கும் சொல் ‘தேரா மன்னா’. விசாரணை பிறகு சில நொடியில் முடிந்துவிடுகிறது. அரசி சிலம்பில் இருப்பது முத்து. கண்ணகி சிலம்பை உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியன் விழுந்து இறக்கிறான்.

ஒரு கேள்விதான் கேட்டிருக்க வேண்டும்: உள்ளே என்ன பரல்? அது ஒரு உயிரைக் காத்திருக்கும், ஒரு நகரத்தைக் காத்திருக்கும்.

என் வாசிப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் குகையை வேண்டாம் என்று தாண்டிப் போனவர்களை இந்தக் காப்பியம் குறை சொல்லவில்லை. கேட்க வேண்டிய சின்னக் கேள்வியைக் கேட்காதவனை அது மன்னிக்கவில்லை. ஆர்வம் அதிகமாகிப் போனதால் வந்த அழிவு இங்கே இல்லை, விசாரிக்கச் சோம்பியதால் வந்த அழிவு. தடை செய்யப்பட்ட அறிவு என்ற பேச்சை மதுரையிலிருந்து ஆரம்பித்தால் முதலில் எழ வேண்டியது இதுதான்: எந்தக் கேள்வி கேட்பது உன் கடமையாக இருந்தது, அதை ஏன் கேட்கவில்லை?

ஆறாம் படி: கட்டுரை காதை, மெதுவாக

இருபத்து மூன்றாம் காதை. மதுரை எரிந்துவிட்டது. நகரத்தின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் வருகிறாள். முன்னால் வந்து நிற்க முடியாமல் பின்னால் தோன்றுகிறாள்: ‘முன்னிலை ஈயாள் பின்னிலைத் தோன்றி’. வந்து சொல்வது கோவலனின் முற்பிறப்பு. அதாவது பவகாரணிப் பொய்கை தந்திருக்கக்கூடிய அதே அறிவு. வேண்டாம் என்று விட்டுவந்தது தேடி வந்துவிட்டது, எல்லாம் முடிந்த பிறகு.

கதை இது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்தையும் கபிலபுரத்தையும் ஆண்ட இரண்டு மன்னர்களுக்குள் பகை. கபிலபுரத்துச் சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து அணிகலன் விற்கிறான். சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்த பரதன், இவன் ஒற்றன் என்று சொல்லிப் பிடித்துக் கொடுக்கிறான். சங்கமன் கொல்லப்படுகிறான். பதினான்கு நாள் அழுது திரிந்த நீலி, கணவனைச் சேர மலையேறி உயிர் விடும்போது சாபம் இடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலன்.

இங்கே நோட்டை மூடிவிட்டுக் கவுந்தியின் அந்த இரண்டு வரியைச் சொல்லிப் பாருங்கள். அணிகலன் விற்க வேற்றூருக்கு வந்த வணிகன், கூட மனைவி, அரசனுக்கு வேண்டியவன் ஒருவன் சொன்ன பொய், விசாரிக்காத அரசன், கொலை. முற்பிறப்பில் நடந்ததும் மதுரையில் நடந்ததும் ஒரே வழக்கு. போன பிறப்பைத் தெரிந்துகொள்ள எந்தப் பொய்கையிலும் மூழ்க வேண்டியதில்லை, இந்தப் பிறப்பைக் கண் திறந்து பார்த்தால் போதும் என்று காட்டில் கவுந்தி சொன்னது எழுத்துக்கு எழுத்து நிற்கிறது. பதினோராம் காதையையும் இருபத்து மூன்றாம் காதையையும் ஒரே நாளில் சேர்த்துப் படியுங்கள். இடைவெளி விட்டால் இந்த ஒட்டு கண்ணில் படாது.

இந்த அறிவு கண்ணகிக்கு ஆறுதல் தந்ததா? பல உரையாசிரியர்கள் ஊழ்வினை விளங்கியது, அதோடு அமைதி என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெய்வம் பேசி முடித்த பிறகு அவள் செய்வதைப் பாருங்கள். கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைக்கிறாள். கீழ்த்திசை வாசலில் கணவனோடு வந்தேன், மேல்திசை வாசலில் தனியாகப் போகிறேன் என்கிறாள். இரவு பகல் பாராமல் வைகைக் கரையோடு நடக்கிறாள். விளக்கம் கிடைத்த பிறகும் துக்கம் அப்படியே இருக்கிறது.

ஏழாம் படி: மணிமேகலையில் ஒரு காதை, திருவிளையாடலில் ஒரு படலம்

இதற்கு மேல் போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன்.

மணிமேகலையின் பத்தாவது காதை, மந்திரம் கொடுத்த காதை. மணிபல்லவத் தீவில் மணிமேகலை தன் முற்பிறப்பை அறிந்த பின் மணிமேகலா தெய்வம் வந்து, நீ பல சமயத்தாரிடமும் போய் உண்மை கேட்க வேண்டும், ஆனால் ‘இளையள் வளையோள் என்று உனக்கு யாவரும் விளைபொருள் உரையார்’ என்கிறது. சின்னப் பெண், வளையல் போட்டவள் என்று யாரும் உனக்குச் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் வேற்றுருவம் எடுக்கும் மந்திரம். இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரத்தில் அவள் ஆண் துறவி வேடத்தில் சமயவாதிகளிடம் வரிசையாகப் போய்க் கேட்கிறாள். அறிவுக்குத் தடை என்றால் தெய்வக் கட்டளை என்றே நினைத்துப் பழகியவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். இங்கே தடை போட்டவர்கள் பாடம் சொல்கிறவர்கள், தெய்வம் அதை மீறுவதற்குக் கருவி தருகிறது. அந்தக் கருவிக்கும் விலை உண்டு. காயசண்டிகை என்ற பெண்ணின் உருவில் அவள் இருந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் அந்தப் பெண்ணின் கணவன் காஞ்சனன், மணிமேகலையை விரும்பிய இளவரசன் உதயகுமரனை வெட்டுகிறான்.

இன்னொன்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். ஐம்பெருங் காப்பியத்தில் சேராது, ஆனாலும் மதுரையில் இந்தக் கேள்விக்கு அதைத் தவிர்க்க முடியாது. தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம், அடுத்த படலம் கீரனைக் கரையேற்றியது. கதை எல்லாருக்கும் தெரியும். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஐயம், இறைவன் பாட்டு எழுதிக் கொடுக்கிறான், நக்கீரர் குற்றம் சொல்கிறார், நெற்றிக்கண் திறக்கிறது, வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. குற்றம் சொல்லப்பட்ட அந்தப் பாட்டைக் குறுந்தொகை இரண்டாம் பாடலில் எடுத்துப் பாருங்கள். தும்பியைப் பார்த்து ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’ என்று கேட்கிறது. எனக்குப் பிடிக்கும் என்று சொல்லாதே, பார்த்ததைச் சொல். பாட்டு தும்பியிடம் கேட்டதைத்தானே நக்கீரர் அவையில் செய்தார்! அவரை எரித்த இறைவனே கரையேற்றி, அதற்கடுத்த படலத்தில் அகத்தியரைக் கொண்டு இலக்கணமும் கற்பிக்க வைக்கிறான். கேள்வி கேட்டவனுக்குத் தண்டனை, அப்புறம் மேற்படிப்பு.

எட்டாம் படி: பிற நாட்டுக் காப்பியங்கள்

அதே நான்கு பத்தி நோட்டோடு போங்கள். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசியில் பன்னிரண்டாம் புத்தகம்: பாடி மயக்கும் சைரன்கள் மாலுமிகளை இழுப்பது இனிய குரலால் மட்டும் அல்ல, டிராயில் நடந்ததும் உலகில் நடப்பதும் எங்களுக்குத் தெரியும் என்று ஆசை காட்டித்தான். கப்பல் தலைவன் ஒடிசியஸ் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லிக் கேட்கிறான், தோழர்கள் காதில் மெழுகு. கேட்கும் உரிமை தலைவனுக்கு மட்டும் எப்படி வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘நரகம்’ நூலில் இருபத்தாறாம் காண்டம்: அதே ஒடிசியஸ், யுலிசீஸ் என்ற பெயரில் தீயாக எரிந்துகொண்டு பேசுகிறான். மனிதர் தாண்டக் கூடாது என்று ஹெர்குலிஸ் குறி வைத்த இடத்தைத் தாண்டி, மிருகம் போல வாழவா பிறந்தோம் என்று தோழர்களைத் தூண்டிக் கப்பல் விட்டு, ஒரு மலையைத் தூரத்தில் கண்டதும் சுழற்காற்றில் மூழ்குகிறான். அவன் நரகத்தில் இருப்பது ஆர்வத்துக்காகவா, வஞ்சக யோசனை சொன்னதற்காகவா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அவன் எரிவது வஞ்சக ஆலோசகர்களின் கூட்டத்தில் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ 1667-இல் வந்தது. எட்டாம் புத்தகத்தில் ஆதாம் வானுலகம் எப்படிச் சுழல்கிறது என்று கேட்க, ரஃபேல் என்ற தேவதூதன் அடக்கமாக அறி, உன்னைச் சுற்றியுள்ளதைப் பார் என்கிறான். கவுந்தியின் பதில் போல முதலில் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கவுந்தி பக்கத்தில் நடந்து வருகிற துறவி, தனக்காகவும் சேர்த்து மறுக்கிறார். ரஃபேல் மேலிருந்து இறங்கி வந்தவன், பிறருக்கு எல்லை சொல்கிறான். இதே மில்டன் 1644-இல் நூல்களை அச்சிடுமுன் அனுமதி வாங்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து எழுதியவர், கலீலியோவை நேரில் சந்தித்ததையும் அதில் சொன்னவர் என்பதைச் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்தப் பகுதியின் இறுக்கம் தெரியும்.

ஒன்பதாம் படி: மலைக்குப் போய் வாருங்கள்

மாட்டுத்தாவணியிலிருந்து அழகர்கோவிலுக்குப் பேருந்து கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மேலே சோலைமலை முருகன் கோயில், அதற்கும் மேலே நூபுர கங்கை. சிலம்பாறு என்று காப்பியம் சொல்லும் நீர் இதுதான். குரங்குத் தொல்லை உண்டு, புத்தகத்தைத் திறந்த பையில் வைக்காதீர்கள். இறங்கி வரும்போது கோயில் தோசையை மறக்காமல் வாங்குங்கள். மூன்று பொய்கை எங்கே, குகை எங்கே என்று யாரையும் கேட்டு அலைய வேண்டாம், அவற்றுக்கு முகவரி காடுகாண் காதைதான்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது மலையின் மறுபக்கம், கிடாரிப்பட்டி அருகே. அங்கே இயற்கைக் குகையில் சமணத் துறவிகளுக்கு வெட்டிய கற்படுக்கைகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொன்னால் ஊரில் வழி காட்டுவார்கள். கவுந்தி மறுத்த குகை எந்த மலையில் இருந்ததாகக் காப்பியம் சொல்கிறதோ, அதே மலையில் அவர் சமயத்துத் துறவிகள் படுத்த குகை. கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்த்துப் படம் எடுக்காதீர்கள்.

பத்தாம் படி: கூடி வாசியுங்கள்

தனியாகப் படிப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து படித்தால் இந்தக் கேள்வி நன்றாகச் சூடு பிடிக்கும். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று மட்டும் பேசச் சொல்லுங்கள். தமிழாசிரியர் ஒருவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடத்தலாம்.

முதல் கூட்டத்துக்கு ஒரு கேள்வி தருகிறேன். கவுந்தி மறுத்திருக்காவிட்டால், கோவலன் இடப்பக்கப் பாதையில் போய்ப் பவகாரணியில் மூழ்கியிருந்தால், பொற்கொல்லன் பேச்சை நம்பியிருப்பானா? மறுத்தது சரி என்கிறவர்கள் கட்டுரை காதையிலிருந்து பேசட்டும். தவறு என்கிறவர்களுக்கு வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதையில் ஒரு சான்று இருக்கிறது: கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார் என்று மாடலன் செங்குட்டுவனிடம் சொல்லும் இடம்.